வரிசையின் கடைசிப் படகு

முகத்துவாரம்,
ஜூன் கடைசி.

அன்புத் தம்பி வெஸ்லிக்கு,

அக்கா ஹெஸ்டர் எழுதுவது. இங்கே நானும் நம் மாமாவும் நாய்கள் இரண்டும் சுகம். உன் சுகத்தை நீ சொன்னால்தான் உண்டு. போன் போட்டால் உன்னோடு வேலை செய்கிற யாரோ எடுத்து, நீ வண்டிக்கு அடியில் படுத்து ரிப்பேர் பார்ப்பதாகச் சொல்கிறார். போன செப்டம்பரிலிருந்து நீ வண்டிக்கு அடியிலேயே படுத்திருக்கிறாய். கடிதமென்றால் கிழித்துப் போடுவதற்காவது கையில் எடுத்தாக வேண்டுமே என்றுதான் எழுதுகிறேன்.

நீ அனுப்பிய நாலு வரி வந்து சேர்ந்தது. படகை மோட்டாரோடு பக்கத்து வீட்டு டெல்பர்ட்டுக்கே விற்றுவிடச் சொல்லியிருக்கிறாய். ஃபேர்பேங்க்ஸிலேயே நிரந்தரமாக இருக்கப் போவதாகவும் எழுதியிருக்கிறாய். கடலே இல்லாத ஊரில் நிரந்தரமாக இருந்து என்ன செய்வாய் என்று கேட்கவில்லை. டெல்பர்ட் தினமும் வந்து படகைச் சுற்றிச் சுற்றிப் பார்க்கிறார், தட்டிப் பார்க்கிறார், போகும்போது என் காப்பியையும் குடித்துவிட்டுப் போகிறார். வேட்டை முடியட்டும், பிறகு பேசலாம் என்று சொல்லிவைத்திருக்கிறேன். அதுவரை படகு உன் பெயரில்தான் இருக்கிறது.

மோட்டாரை நேற்று வெளியே எடுத்தேன். பனிக்காலம் முழுக்கத் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. ஒரே இழுப்பில் கிளம்பிவிட்டது. சந்தேகப்பட்டு மேல் மூடியைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே அடைப்பு இல்லை, அழுக்கு இல்லை, நீ துடைத்து வைத்தது வைத்தபடி இருக்கிறது. போன வருடம் முகத்துவாரத்தில் நின்றுபோனது இந்த மோட்டார்தானா என்று எனக்கே குழப்பம். சும்மா எழுதினேன், பதில் சொல்ல வேண்டாம்.

போன ஜூலையைப் பற்றி இங்கே யாரும் வாயைத் திறப்பதில்லை. அதுதான் உன்னை ஊரை விட்டு ஓட்டியது என்று எனக்குத் தெரியும். யாராவது நாலு வார்த்தை திட்டியிருந்தால் நீயும் நாலு வார்த்தை திட்டிவிட்டு வீட்டில் இருந்திருப்பாய். பெலூகாத் திமிங்கலக் கூட்டத்தைப் படகு வரிசையால் கரையோரமாகவே ஓட்டிக்கொண்டு வந்து, காயலின் வாய்க்குள் நுழைய ஒரு கூப்பிடு தூரம் இருக்கும்போது, கடல் பக்கத்துக் கடைசிப் படகு, உன்னுடையது, சத்தமில்லாமல் நின்றது. மொத்தக் கூட்டமும் அந்த ஓட்டை வழியாக ஆழத்துக்குப் போய்விட்டது. ஊர் முழுக்கக் கத்தியைத் தீட்டி வைத்துக்கொண்டு கரையில் நின்றிருந்தது. நீ வந்து “மோட்டார் நின்னுபோச்சு” என்றாய். மாமா “மோட்டார்னா நிக்கத்தான் செய்யும்” என்று சொல்லி உனக்குக் காப்பி ஊற்றினார். அந்தக் காப்பியை நீ நின்றபடியே குடித்ததைப் பார்த்தபோதே, நீ தங்கமாட்டாய் என்று நினைத்தேன். ஊரிலேயே மோட்டாருக்கு வைத்தியம் பார்க்கிறவன் நீ. அடுத்தவர் மோட்டார் நின்றாலே உனக்குத்தான் அவமானம்.

பனிக்காலத்தைச் சீல் கறியும் மான் கறியும் சாப்பிட்டுத் தள்ளினோம். யாரும் பட்டினி கிடக்கவில்லை. ஆனால் மக்தாக் இல்லாத கிறிஸ்துமஸ் விருந்து எப்படியிருக்கும் என்று உனக்கே தெரியும். அந்தத் தோலும் கொழுப்பும் வாயில் படாமல் நம் பாட்டுக்காரி பெர்தாவுக்குப் பாட்டே வரவில்லையாம். கோயிலில் எல்லாரும் நிம்மதியாக இருந்தோம்.

இப்போது எல்லார் மனதிலும் இருக்கும் கேள்வி ஒன்றுதான்: இந்த வருடம் அவை வருமா? பெலூகாவுக்கு வழி சொல்லிக் கொடுப்பது தாய். பிறந்த கோடையில் தாயின் விலாவை ஒட்டிக்கொண்டு எந்த வழியாக வந்ததோ, அந்த வழிக்கேதான் ஆயுசு முழுக்கத் திரும்பி வரும். வருடா வருடம் பெலூகாவின் பல் வாங்க வருகிற ஆராய்ச்சிக்காரப் பெண் மார்கிட் சொன்னாள், ஒரு கிழவியின் பல்லை அறுத்து வளையங்களை எண்ணினால் அது நம் மாமாவைவிட மூத்தது என்று. அவ்வளவு காலம் நல்லதை நினைவில் வைத்திருக்கும் பிராணி, பயந்ததை மட்டும் மறந்துவிடுமா? போன வருடம் மோட்டார்களுக்கு நடுவில் மிரண்டு ஓடிய தாய்கள், இந்தக் காயல் வாய்ப் பக்கமே போகாதே என்று குட்டிகளுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டால் என்ன செய்வது? இதை உரக்கச் சொல்ல யாருக்கும் தைரியமில்லை. நம் வழக்கம்தான் உனக்குத் தெரியுமே, வேட்டைக்கு முன்னால் அதன் பெயரையே எடுக்கக் கூடாது, அவை கேட்டுவிடும். காலையில் பெர்தா ரேடியோ மைக்கைப் பிடித்து எல்லா வீட்டுக்கும் படகுக்கும் கேட்கிறபடி “தண்ணி எப்படியிருக்கு?” என்கிறாள். “தண்ணி தண்ணியாத்தான் இருக்கு” என்கிறார் டெல்பர்ட். அதற்குமேல் யாரும் ஒன்றும் கேட்பதில்லை.

மாமா இன்று வந்து ரொம்ப நேரம் வானிலை பேசினார். வேட்டைக்குத் தலைவராக இருப்பவர் ஒரு பெண்ணின் சமையலறையில் உட்கார்ந்து இவ்வளவு வானிலை பேசினால் வேறு விஷயம் இருக்கிறது என்று அர்த்தம். கடைசியில் வாசலில் நின்றுகொண்டு, “வெஸ்லி இடத்துக்கு ஆள் இல்ல. நீ ஓட்டுறியா?” என்றார். என் இடுப்பு வலி தெரிந்துதான் கேட்கிறீர்களா, என்னால் அவ்வளவு நேரம் உட்கார முடியாது என்றேன். “உக்கார வேணாம், நின்னுக்கோ” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எண்ணெய்ப் பிசுக்குக் கையோடு சாப்பிடாதே. கடுதாசி போடாவிட்டாலும் பரவாயில்லை, வேளைக்குச் சாப்பிடு.

உன் இடத்தில் நிற்கப் போகிற,
அக்கா.


முகத்துவாரம்,
ஜூலை, வேட்டை முடிந்த வாரம்.

அன்புத் தம்பிக்கு,

உன்னிடமிருந்து வார்த்தை இல்லை. இருந்தாலும் நல்ல செய்தியை மனதுக்குள் வைத்துக்கொள்ள எனக்குத் தெரியாது. அவை வந்தன.

வருவதற்கு முந்தைய நாட்களை நீ பார்த்திருக்க வேண்டும். கரையில் வண்டி ஓட்டக் கூடாது, வாத்துச் சுடக் கூடாது, நாய்களை வீடுகளுக்குப் பின்னால் கட்ட வேண்டும் என்று மாமா உத்தரவு போட்டுவிட்டார். பிள்ளைகள்கூடக் கிசுகிசுத்துதான் சண்டை போட்டார்கள். போன வருடத்தை நினைத்து ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. பிறகு ஒரு பகல், காற்றே இல்லை, தெற்கே சரளை மேட்டுப் பக்கம் தண்ணீருக்கு மேல் ஆவி எழுந்து எழுந்து அடங்கியது. டெல்பர்ட் ரேடியோவில் “தண்ணி நல்லாயிருக்கு” என்று மட்டும்தான் சொன்னார். அந்தக் குரல் நடுங்கியதில் எல்லாருக்கும் புரிந்துவிட்டது.

உடனே யாரும் போகவில்லை. ஆற்றுத் தண்ணீர் கலந்து வெதுவெதுப்பாக இருக்கும் அந்த ஆழமில்லாத இடத்தில் அவை உடம்பைச் சரளையில் தேய்த்துக்கொண்டிருந்தன. பழுத்து மஞ்சளாகிப்போன போன வருடத்துத் தோல் ஏடு ஏடாகக் கழன்று அலையில் மிதந்து கரை ஒதுங்கியது. தேய்த்துக்கொண்ட இடமெல்லாம் பளீரென்று வெளுத்திருந்தது. வெள்ளைப் பெரியவைகளும், சாம்பல் நிறத்து இளசுகளும், தாய் முதுகில் பாதி ஏறிப் படுத்துக்கொண்டு வரும் பழுப்புக் குட்டிகளும் ஒரே குளியல். கிழட்டு ஆண் திமிங்கலங்கள் வழக்கம்போல வடக்கே பனிக்குள் போய்விட்டிருக்கும். இது பெண்டு பிள்ளைகளின் கூட்டம். நான் துடுப்பைத் தண்ணீரில் விட்டு அதன் பிடியைக் காதில் வைத்துக் கேட்டேன். சிறு வயதில் நீ இதற்கு அடம் பிடித்து அழுவாயே! விசில், கீச்சு, கதவு கிறீச்சிடுவது போல ஒன்று, ஒன்றை ஒன்று பேசவிடாமல் எல்லாம் ஒரே நேரத்தில் பேசின. நம் ஊர் ரேடியோ மாதிரியேதான்.

மோட்டார்கள் கிளம்பியதும் அந்தப் பேச்சு சட்டென்று நின்றது. அதுதான் அந்த ஜாதியின் குணம், பயந்தால் வாயை மூடிக்கொள்ளும். கொலைகாரத் திமிங்கலம் பக்கத்தில் வந்தாலும் அப்படித்தானாம்.

கரைப்பக்கம் மாமா, வரிசையாக மற்றவர்கள், எனக்கு அடுத்து டெல்பர்ட், கடல் பக்கக் கடைசியில் நான், உன் வெள்ளைப் படகில். கூட்டம் எந்த வேகத்தில் போகிறதோ அதே வேகத்தில் பின்னாலேயே போனோம். உன் இடம் இவ்வளவு பயங்கரமானது என்று நீ ஒருநாளும் சொன்னதில்லையே! இடது கைப் பக்கம் ஆழம் கறுப்பாகத் தெரிகிறது. நம் மோட்டார் விசிறிகளின் சத்தம்தான் அவற்றுக்குச் சுவர். அந்தச் சுவரின் மூலைக்கல் நான். மோட்டார் பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன், பிடித்தால் ஆழம் குறைந்துவிடும் என்பது போல.

காயலின் வாய் தெரிய ஆரம்பித்தபோது என் படகின் பின்பக்கம் ஏதோ உரசியது. குனிந்து பார்த்தேன். ஒரு பழுப்புக் குட்டி. பிறந்து சில நாள்தான் இருக்கும், உடம்பில் மடிப்புகள்கூட நிமிரவில்லை. கூட்டத்திலிருந்து பின்தங்கி, உன் படகை ஒட்டிக்கொண்டு நீந்துகிறது. நீ பூசினாயே வெள்ளைச் சாயம், அதைப் பார்த்துத் தாயின் விலா என்று நினைத்துவிட்டது போல. தகரத்தில் மூக்கை வைத்து முட்டி முட்டிப் பால் தேடுகிறது. அது முட்டுகிற இடத்திலிருந்து ஒரு முழம் தள்ளி விசிறி சுற்றுகிறது.

தம்பி, நான் யோசிக்கவேயில்லை. யோசித்திருந்தால் ஊரையும் கிறிஸ்துமஸையும் நினைத்திருப்பேன். கை தானாகப் போய் மோட்டாரை அணைத்துவிட்டது. அணைத்த பிறகுதான் அந்த அமைதி காதில் விழுந்தது. அப்போதுதான் நான் எந்த இடத்தில் நிற்கிறேன், போன வருடம் அதே இடத்தில் யார் நின்றது என்பது உச்சந்தலையில் அடித்த மாதிரி புரிந்தது. முன்னால் போன கூட்டத்தின் ஓரத்தில் இரண்டு மூன்று தலைகள் என் பக்கம் திரும்பின. கழுத்தைத் திருப்பிப் பார்க்கிற திமிங்கலம் அது ஒன்றுதானே. ஓட்டை எங்கே என்று பார்த்துவிட்டன.

உன் காப்பிக் கெட்டில் காலடியில் கிடந்தது. அதை எடுத்துப் படகு விளிம்பில் அடித்தேன். பைத்தியம் பிடித்தவள் மாதிரி அடித்தேன். ஒரு பக்கம் கெட்டிலை அடித்துக்கொண்டே மறுபக்கம் அந்தக் குட்டியைத் திட்டினேன்: “அடேய், நான் உங்கம்மா இல்லடா. இது தகரம்டா. பாலுக்கு வந்த இடத்தப் பாரு! போடா அந்தப் பக்கம். உங்கம்மா எங்கடா, உன்ன விட்டுட்டுப் போயிட்டாளா? அழாத ராசா, வருவா, யாராச்சும் வருவாங்க, போ.” குட்டி எங்கே அழுதது? நான்தான் அழுதுகொண்டிருந்தேன்.

இதில் எனக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. ரேடியோவின் மைக் என் தொடைக்கும் படகு விளிம்புக்கும் நடுவில் சிக்கி அமுங்கிக்கொண்டிருந்தது. நான் பேசியது, அழுதது, மூக்கை உறிஞ்சியது, கெட்டில் சத்தம் எல்லாம் ஒன்று விடாமல் ஒவ்வொரு படகிலும் ஒவ்வொரு வீட்டிலும் கேட்டிருக்கிறது. ஓட்டும்போது ரேடியோவில் மூச்சு விடக் கூடாது என்று உத்தரவு போட்ட மாமா, “மைக்க விடு, மைக்க விடு” என்று கத்தினாராம். என் மைக் அமுங்கியிருந்ததால் அவர் சத்தம் யாருக்கும் போகவில்லை. ஆனால் அவர் சொல்லாமலே வேலை நடந்தது. டெல்பர்ட் தன் படகை மெதுவாக என் பக்கம் நகர்த்தி, ஆழத்துக்கும் கூட்டத்துக்கும் நடுவில் கொண்டுவந்தார். அவருக்கு அடுத்த படகு அவர் விட்ட இடத்துக்கு வந்தது. அதற்கு அடுத்ததும் அப்படியே. துடுப்பு, பெட்ரோல் கேன், துப்பாக்கிக் கட்டை, கையில் கிடைத்ததையெல்லாம் எடுத்துப் படகில் தட்டினார்கள். திரும்பிய தலைகள் மறுபடி நேராயின.

ஒன்று மட்டும் நேராகவில்லை. முதுகில் பழைய பனிக்கட்டித் தழும்பு இருந்த பெரிய பெண் ஒன்று, அத்தனை சத்தத்தையும் எதிர்த்துக்கொண்டு என்னை நோக்கி வந்தது. அதன் ஒரு பக்கத்தில் சாம்பல் குட்டி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது, போன வருடத்துக் குட்டி. ஆகவே பழுப்புக் குட்டி அதனுடையதாக இருக்க முடியாது. இரண்டு வருடம் பால் கொடுக்கிறவள், அதற்குள் இன்னொன்று பெற மாட்டாள். அத்தையோ சித்தியோ, ஒன்றுமே இல்லாத யாரோ. வந்து, கழுத்தைத் திருப்பி என்னை ஒரு பார்வை பார்த்தது. பிறகு படகுக்கும் குட்டிக்கும் நடுவில் தன் உடம்பை நுழைத்தது. குட்டி ஒரு முறை தகரத்தை முட்டியது, அடுத்த முறை அதன் விலாவை முட்டியது. அவ்வளவுதான், ஒரு பக்கம் தன் குட்டி, மறுபக்கம் யாரோ பெற்ற குட்டி என்று மூன்றும் போய்ச் சேர்ந்துகொண்டன.

கூட்டம் காயலுக்குள் போய்விட்டது. தழும்புக்காரியையும் அதோடு இருந்த இரண்டையும் யாரும் தொடவில்லை. என் அழுகையைக் கேட்டுவிட்டு எவன் சுடுவான்? காயலின் வாயை அடைக்காமல் விலகி நிற்கும்படி மாமா சொன்னார். அந்த மூன்றும் வெளியே போவதைப் பார்த்துக்கொண்டே நின்றோம். ஊருக்குப் போதுமான அளவு கிடைத்தது. பிள்ளைகள் சூடு ஆறாத மக்தாக்கை மென்றுகொண்டு வாயெல்லாம் கொழுப்போடு ஓடினார்கள். பெர்தா கத்தியும் கையுமாகப் பாட ஆரம்பித்துவிட்டாள். நிம்மதி போயிற்று.

மார்கிட் பல் வாங்கக் கரைக்கு வந்தாள். நான் கண்டதைச் சொன்னேன். கூட்டத்தில் சொந்தமில்லாததுகூட அடுத்தவர் குட்டியைப் பார்த்துக்கொள்வது உண்டு, பால்கூடக் கொடுப்பது உண்டு என்றாள். அதற்குப் பிறகு என்னை ஒரு மாதிரி பார்த்து, “உங்க தம்பி போன வருஷம் ஊரை விட்டுப் போறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒண்ணு கேட்டாரு. தனியா விட்டுப்போன குட்டி பிழைக்குமான்னு. எனக்கு உறுதியாச் சொல்லத் தெரியல” என்றாள்.

நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். மாமா பக்கத்தில்தான் இருந்தார், கேட்டுவிட்டார். கத்தியைத் துடைத்துக்கொண்டே, “மோட்டார் நிக்கல. இல்ல?” என்றார். எனக்குத் தெரியாது மாமா, என்னிடமும் அவன் சொல்லவில்லை என்றேன். துடைத்த கத்தியை உறையில் போட்டார். பிறகு, “சொல்லியிருந்தா பக்கத்துப் படகை நகர்த்தியிருப்போமே. அவ்வளவுதானேடி” என்றார். இவ்வளவு வயதில் மாமா அழுது நான் பார்த்ததில்லை. இப்போதும் அழவில்லை என்றுதான் சொல்கிறார்.

இத்தோடு நிறுத்துகிறேன். உன் கெட்டில் நசுங்கிவிட்டது.

அக்கா.


முகத்துவாரம்,
ஜூலை நடு.

அன்புத் தம்பி வெஸ்லிக்கு,

இந்தக் கடிதம் சின்னது. படகு விஷயம் மட்டும்தான்.

டெல்பர்ட்டைக் கூப்பிட்டு, வேட்டை முடிந்துவிட்டது, படகை எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். உன் சொல்லை மீறினேன் என்று நாளைக்கு நீ சொல்லக் கூடாது பார். அவர் படகை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். அந்தக் குட்டி முட்டிய இடத்தில் சாயம் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது, அதைத் தடவிப் பார்த்தார். “இத அம்மான்னு ஒண்ணு கூப்பிட்டிருக்கு. இத எப்படி நான் வாங்குறது? அவனே வந்து ஓட்டட்டும்” என்று சொல்லிவிட்டு என் காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். ஆகவே படகு விலை போகவில்லை.

பங்கு பிரித்தார்கள். வீட்டுக்கு வீடு வழக்கம்போல. மாமா உன் பெயரைச் சொல்லி ஒரு பங்கை ஒதுக்கினார். ஊரில் இல்லாதவனுக்கு எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. பெர்தா வால் பக்கத்து நல்ல துண்டாகப் பார்த்து அதன்மேல் வைத்தாள். பனி நிலவறையில் நானே இறக்கிவைத்தேன். மக்தாக் கெட்டுப்போகாது, ஆனால் நாய்கள் இரண்டும் நிலவறை மூடியை விட்டு அசைய மாட்டேன் என்கின்றன.

அந்தச் சாம்பல் குட்டியை நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். போன கோடையில் பிறந்தது. அதன் தாய் இந்த வெள்ளைப் படகைப் பார்த்ததும் நேராக வந்தது, ஏற்கெனவே வழி தெரிந்தவள் மாதிரி. நீ விட்ட குட்டிதானா அது என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். கொழுகொழுவென்று இருந்தது, அதை மட்டும் சொல்கிறேன்.

அம்மா போனபோது நீ நடக்கப் பழகிக்கொண்டிருந்தாய். என் அங்கியின் முதுகுப் பைக்குள் உன்னைப் போட்டுக்கொண்டுதான் தண்ணீருக்குப் பனிக்கட்டி வெட்டப் போவேன். நீ அழ மாட்டாய். பசித்தாலும் அழ மாட்டாய், முதுகில் தலையால் முட்டுவாய், அவ்வளவுதான். எனக்கு அப்போதே இது ஒன்றுதான் உன்னிடம் கவலை. முதுகில் இருந்தவரை நான் தெரிந்துகொண்டேன். இப்போது எப்படித் தெரிந்துகொள்வது?

குட்டிக்காகத்தான் மோட்டாரை அணைத்தாயா, வேறு எதற்காகவா, எனக்கு முக்கியமில்லை. நீ அணைத்ததற்கு ஊர் உன்மேல் கோபப்படவில்லை. நான் கோபப்படுகிறேன். அணைத்ததற்கு இல்லை. அந்த இடத்தில் நின்றுகொண்டு நீ ஒரு சத்தமும் போடவில்லையே, அதற்கு. இந்த வருடம் முழுக்கவும் போடவில்லையே, அதற்கு.

பதில் எழுத வேண்டாம், உனக்கு எழுத்து வராது. ஞாயிற்றுக்கிழமை பிரார்த்தனை முடிந்து எல்லா வீட்டிலும் ரேடியோ திறந்திருக்கும் நேரத்தில், மாமா வீட்டுக்குப் போன் போடு. அவர் போனை மைக் பக்கத்தில் பிடித்துக்கொள்கிறேன் என்கிறார். என்ன சொல்வதென்று தெரியாவிட்டால் தொண்டையைச் செருமினால் போதும். நீ எங்கே நிற்கிறாய் என்று தெரிந்தால், நாங்கள் பக்கத்துப் படகை நகர்த்திக்கொள்வோம்.

உன் விலாப்பக்கம் ஒருநாளும் காலியாக இருக்கக் கூடாது என்று ஆண்டவனைக் கேட்டுக்கொண்டிருக்கும்,
அக்கா ஹெஸ்டர்.